டாம் க்ரூஸ் வராத படம்

2022 மே 6, வெள்ளிக்கிழமை இரவு. மதுரையில் ஒரு திரையரங்கின் படிக்கட்டில் என் அக்கா மகன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இன் த மல்டிவர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ அன்றுதான் வெளியாகியிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன். மூன்று மாதமாக அவனுக்கு அந்தப் படத்தைத் தவிர வேறு பேச்சில்லை. “எப்படிடா இருந்துச்சு?” என்றேன். “டாம் க்ரூஸ் வரவே இல்ல மாமா” என்றான்.

டாம் க்ரூஸ் அந்தப் படத்தில் நடிப்பதாகத் தயாரிப்பாளர்கள் சொல்லவே இல்லை. பிப்ரவரியில் வந்த ட்ரெய்லரில், உடல் முழுக்க ஒளி வீசும் ஓர் உருவம், வாண்டா என்ற மந்திரக்காரியோடு மோதும். ஒரு நொடிதான். அது வேறொரு பிரபஞ்சத்து அயர்ன் மேன், அந்த வேடத்தில் வருவது டாம் க்ரூஸ் என்று உலகம் முழுக்க ரசிகர்கள் பேச ஆரம்பித்தார்கள். அந்த நொடியை நிறுத்தி, பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்த படங்கள் அவன் கைப்பேசி நிறையக் கிடந்தன. கடைசியில் அந்த உருவம் இன்னொரு பிரபஞ்சத்து கேப்டன் மார்வெல். அன்று வீடு வந்து சேரும்வரை, படத்தில் இருந்த எதைப் பற்றியும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இல்லாத ஆளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

இதே பையனை அதற்கு முன்பு இரண்டு படங்களுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். 2018 டிசம்பரில் ‘ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்’. பொம்மைப் படம்தானே என்று அரை மனதோடு வந்தான். அரங்கில் இருபது பேர் இருந்தால் அதிகம். அதன் நாயகன் மைல்ஸ் உயரமான கட்டடத்திலிருந்து குதிக்கும்போது, விரல்களில் ஒட்டிய கண்ணாடி உடைந்து அவனோடு சேர்ந்து சிதறும். அந்த இடத்தில் பையன் இருக்கையைவிட்டு எழுந்தே நின்றுவிட்டான். நான்கு மாதம் கழித்து, 2019 ஏப்ரல் 26, ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’. அதற்காக அவன் ஒரு வருடம் நாள் எண்ணியிருந்தான். கேப்டன் அமெரிக்காவின் கைக்குத் தோரின் சுத்தியல் பறந்து வந்து சேர்ந்தபோது அரங்கத்தில் எழுந்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. பையன் கத்தவில்லை, அழுதுகொண்டிருந்தான்.

எதிர்பார்ப்பே இல்லாமல் போன படம் மகிழ்ச்சி தந்தது. வானளவு எதிர்பார்ப்போடு போன படமும் மகிழ்ச்சி தந்தது. அதே அளவு எதிர்பார்ப்போடு போன இன்னொரு படம் வெறும் கையோடு திருப்பி அனுப்பியது. “எதிர்பார்ப்பைக் கொறச்சுக்கிட்டுப் போ, படம் நல்லா இருக்கும்” என்று எல்லோரும் சொல்லும் யோசனை முதல் படத்துக்குப் பொருந்துகிறது. இரண்டாவதன் முன்னால் அது நிற்பதில்லை. பெரும் பணத்தைக் கொட்டி விளம்பரம் செய்யப்படும் சூப்பர்ஹீரோ படங்களில் இந்தப் புதிர் மற்ற வகைகளைவிடப் பளிச்சென்று தெரிகிறது.

அந்த யோசனைக்குப் பின்னால் நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. சந்தையியல் அறிஞர் ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் முன்வைத்த கருத்தின்படி, ஒரு பொருளால் நமக்குக் கிடைக்கும் திருப்தி அந்தப் பொருளின் தரத்தை மட்டும் பொறுத்தது அல்ல. எதிர்பார்த்ததைவிட அது மேலா கீழா என்பதையும் பொறுத்தது. 2014இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ராப் ரட்லெட்ஜும் உடனிருந்தவர்களும் கைப்பேசி விளையாட்டு ஒன்றின் வழியாக 18,000 பேருக்கு மேல் ஆராய்ந்து, ஏறக்குறைய இதையே கண்டார்கள். விளையாட்டில் எவ்வளவு கிடைத்தது என்பதைவிட, நினைத்ததைக் காட்டிலும் எவ்வளவு அதிகம் கிடைத்தது என்பதுதான் அந்த நேரத்து மகிழ்ச்சியைத் தீர்மானித்தது. ஜொனதன் ஸ்கூலர், டான் ஏரியலி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன் மூவரும் 2000ஆம் ஆண்டு பிறந்த இரவைக் கொண்டாடியவர்களிடம் விசாரித்தபோது, பெரிய கொண்டாட்டத்துக்குத் திட்டம் போட்டவர்களே அதிகம் ஏமாந்திருந்தார்கள்.

ஆனால் இதே லோவன்ஸ்டைன் 1987இல் செய்த இன்னொரு ஆய்வு கதையை மாற்றுகிறது. உங்களுக்குப் பிடித்த சினிமா நட்சத்திரம் ஒரு முத்தம் தருவதாக இருந்தால், எப்போது வேண்டும், அதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார். உடனே கிடைப்பதைவிட மூன்று நாள் கழித்துக் கிடைப்பதற்குத்தான் மாணவர்கள் அதிகம் தரத் தயாராக இருந்தார்கள். அந்த மூன்று நாளும் நினைத்து நினைத்து மகிழலாம் அல்லவா! பொங்கலைவிடப் பொங்கலுக்கு முந்தைய வாரம் இனிப்பது நமக்குத் தெரியாததா? எண்ட்கேமுக்காக நாள் எண்ணிய அந்த வருடத்தையும் பையனின் மகிழ்ச்சிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். படம் மட்டமாக இருந்திருந்தாலும் அந்த ஒரு வருடத்தை யாரும் அவனிடமிருந்து பிடுங்கியிருக்க முடியாது.

எதிர்பார்ப்பு அனுபவத்தையே மேலே இழுப்பதும் உண்டு. திமதி வில்சனும் உடனிருந்தவர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், இந்த கார்ட்டூன்கள் வேடிக்கையானவை என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், சுமாரான கார்ட்டூன்களையும் வேடிக்கையாகவே கண்டார்கள். எதிர்மறையாகவும் இது நடக்கிறது. எம்.ஐ.டி. வளாகத்து மதுக்கூடங்களில் பீரில் சில துளி பால்சமிக் வினிகர் கலந்து கொடுத்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. குடிப்பதற்கு முன்பே வினிகர் என்று அறிந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. குடித்த பிறகு அறிந்தவர்களுக்குப் பிடித்தே இருந்தது. முன்னால் வந்த சொல் நாக்கின் சுவையையே மாற்றிவிட்டது.

அப்படியானால் எதிர்பார்ப்பு எப்போது அனுபவத்தைத் தூக்குகிறது, எப்போது கவிழ்க்கிறது? ஆண்ட்ரூ கியர்ஸ், டேனியல் லாசிட்டர் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இங்கே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு திரைப்படத் துண்டைச் சிலரை மேலோட்டமாகவும், சிலரைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து உன்னிப்பாகவும் பார்க்கச் சொன்னார்கள். மேலோட்டமாகப் பார்த்தவர்களின் ரசனை எதிர்பார்ப்பின் பக்கம் சாய்ந்தது. உன்னிப்பாகப் பார்த்தவர்களுக்கோ எதிர்பார்ப்புக்கும் படத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி கண்ணில் பட்டுவிட்டது. அது பட்ட நொடியில் எதிர்பார்ப்பு எதிராகத் திரும்பிவிட்டது.

இப்போது அந்தச் சிவப்பு வட்டத்தையும் அம்புக்குறியையும் நினைத்துப் பாருங்கள். சூப்பர்ஹீரோ ரசிகனை உன்னிப்பாகப் பார்க்கப் பழக்கியதே இந்தப் படங்களின் விளம்பரம்தான். பெயர்கள் ஓடி முடிந்த பிறகு வரும் குட்டிக் காட்சி, ட்ரெய்லரின் மூலையில் தெரியும் ஒரு கேடயம், சுவரொட்டியில் ஒரு நிழல் என்று பதினைந்து வருடம் துப்பு கொடுத்துத் துப்பறியச் சொன்னார்கள். துப்பறியப் பழகிய கண் படம் பார்க்கும்போது மட்டும் மூடிக்கொள்ளுமா?

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1978இல் ரிச்சர்ட் டோனரின் ‘சூப்பர்மேன்’ வந்தபோது, ஒரு மனிதன் பறப்பதை நீங்கள் நம்புவீர்கள் என்பதே விளம்பரத்தின் சாரம். வாக்குறுதி ஒன்றே ஒன்று. கிறிஸ்டோபர் ரீவ் பறந்தார், வாக்கு நிறைவேறியது.

1989இல் டிம் பர்ட்டனின் ‘பேட்மேன்’ வந்தபோது நிலைமை மாறியிருந்தது. நகைச்சுவைப் படங்களில் பேர் வாங்கிய மைக்கேல் கீட்டன்தான் பேட்மேன் என்ற செய்தி வந்ததும், வார்னர் பிரதர்ஸுக்கு ஏறக்குறைய 50,000 கண்டனக் கடிதங்கள் வந்தன. இணையம் இல்லாத காலத்தில், தபால்தலை ஒட்டி அனுப்பிய கோபம் அது. பிறகு ட்ரெய்லர் வந்தது. ட்ரெய்லரைப் பார்ப்பதற்காகவே வேறு படத்துக்கு டிக்கெட் எடுத்து, ட்ரெய்லர் முடிந்ததும் எழுந்து போனவர்கள் இருந்தார்கள். ஊர் முழுக்க அந்த மஞ்சள் வட்டத்து வௌவால் சின்னம். அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 4 கோடி டாலர் வசூலித்து அந்நாளைய சாதனையைப் படைத்தது. கீட்டனைப் பற்றிய அவநம்பிக்கை ஒரு பக்கம், சின்னம் கிளப்பிய ஆவல் ஒரு பக்கம். இரண்டும் மோதிய இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அவர் நடிப்பு ஒரு பரிசாகக் கிடைத்தது. ஹீத் லெட்ஜரை ஜோக்கராக அறிவித்தபோதும் இப்படித்தான் முணுமுணுத்தார்கள். அவர் நடித்த ‘த டார்க் நைட்’ 2008 ஜூலையில் வந்தது. அந்த ஜனவரியிலேயே மறைந்துவிட்ட லெட்ஜருக்கு அடுத்த ஆண்டு ஆஸ்கர் அறிவிக்கப்பட்டது.

குறைந்த எதிர்பார்ப்புக்கு எல்லோரும் காட்டும் உதாரணங்கள் 2008இன் ‘அயர்ன் மேன்’, 2014இன் ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’. ஸ்பைடர்மேனும் எக்ஸ்-மென்னும் வேறு நிறுவனங்களின் கையில் இருந்ததால், இரண்டாம் வரிசை நாயகன் ஒருவனை வைத்துத்தான் மார்வெல் தன் சொந்தக் கணக்கைத் தொடங்கியது. அடுத்ததில் பேசும் ரக்கூனும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் மரமும் நாயகர்கள். இரண்டும் கொண்டாடப்பட்டன. ஆனால் இதை வைத்து, எதிர்பார்ப்பு குறைந்தால் ரசனை கூடும் என்று முடிவுகட்டுவதில் ஒரு பிழை இருக்கிறது. எதிர்பார்க்காமல் போய் ரசித்த படங்கள் நினைவில் நிற்கின்றன. எதிர்பார்க்காமல் போய், எதுவும் இல்லாமல் திரும்பிய படங்களை மறந்துவிடுகிறோம். 2024இல் ‘மேடம் வெப்’ படத்தை ஏறக்குறைய யாருமே எதிர்பார்க்கவில்லை. அதனால் அது இனித்துவிடவில்லை.

விளம்பரம் கிளப்பும் ஆவல் எப்படிக் கரைகிறது என்பதை வசூல் எண்கள் ஓரளவு காட்டும். 2016 மார்ச்சில் வந்த ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 16.6 கோடி டாலர் வசூலித்தது. இரண்டாவது வார இறுதியில் சுமார் 69 சதவீதம் சரிந்தது. அறிவிப்பு வந்து ஏறக்குறைய மூன்று வருடமாகக் காத்திருந்த மோதல் அது. ஆனால் அதற்கு முந்தைய டிசம்பரில் வந்த ட்ரெய்லரே, இருவரும் சண்டை போட்டு, பிறகு கைகோத்து, டூம்ஸ்டே என்ற அரக்கனை எதிர்ப்பதைக் காட்டிவிட்டது. அரங்கில் போய்த் தெரிந்துகொள்ள என்ன மிச்சம்? அதே வருடம் ‘சூசைட் ஸ்குவாட்’. ‘பொஹீமியன் ராப்சடி’ பாட்டோடு வந்த அதன் ட்ரெய்லர் துள்ளலாக இருந்தது. ஆனால் எடுத்துவைத்திருந்த படம் இருண்டது. ட்ரெய்லர் வெட்டிய நிறுவனத்தையே படத்தின் ஒரு வடிவத்தைத் தொகுக்க வைத்தார்கள் என்று ‘த ஹாலிவுட் ரிப்போர்ட்டர்’ எழுதியது. படத்துக்காக ட்ரெய்லர் என்ற வரிசை தலைகீழாகி, ட்ரெய்லருக்கு ஏற்றபடி படத்தை வளைக்கும் நிலை வந்துவிட்டது.

அமெரிக்காவில் முதல் நாள் பார்வையாளர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் பிறந்த கதை இங்கே பொருத்தமானது. எட் மின்ட்ஸ் என்பவர் நாடகாசிரியர் நீல் சைமனின் ரசிகர். பெரிய நம்பிக்கையோடு 1978இல் ‘த சீப் டிடெக்டிவ்’ படத்துக்குப் போய் ஏமாந்து திரும்பினார். விமர்சகர் சொல்வதைவிட, பணம் கொடுத்துப் பார்த்த சாதாரண மனிதர்கள் சொல்வதைத் திரட்டினால் என்ன என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. இந்த மதிப்பெண்ணை முழுதாக நம்ப முடியாது. முதல் நாளே போகிறவர்கள் ஏற்கெனவே காதலில் விழுந்தவர்கள், அதனால் மதிப்பெண் பொதுவாகத் தாராளமாகவே விழும். அப்படிப்பட்ட கூட்டமே கை விரித்துவிட்டால் சேதி பெரிது. 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்த ‘ஜோக்கர்’ படத்தின் தொடர்ச்சி 2024இல் வந்தபோது ‘டி’ வாங்கியது. சண்டைக்காரனை எதிர்பார்த்து வந்தவர்களுக்குப் பாடுகிறவனைக் காட்டினார் இயக்குநர். ‘எண்ட்கேம்’ வாங்கியது ‘ஏ பிளஸ்’.

எண்ட்கேமின் எதிர்பார்ப்பு மட்டும் ஏன் கவிழவில்லை? அந்தச் சுத்தியலை எடுத்துக்கொள்வோம். 2015இல் வந்த ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ படத்தில் ஒரு விருந்து. தகுதி உள்ளவனால் மட்டுமே தூக்க முடிந்த சுத்தியலை நண்பர்கள் ஒவ்வொருவராக இழுத்துப் பார்க்கிறார்கள். கேப்டன் பிடித்ததும் அது ஒரு நூல் அளவு அசைகிறது. தோரின் சிரிப்பு சட்டென்று மறைகிறது. அவ்வளவுதான், கதை வேறு பக்கம் போய்விடுகிறது. நான்கு வருடம் கழித்து அந்த நூலளவு அசைவுக்குப் பதில் வருகிறது. இந்த எதிர்பார்ப்பை விதைத்தது கதை. அது எப்போது, எப்படிப் பலிக்கும் என்று தெரியாமலே நாம் சுமந்துகொண்டிருந்தோம். 22 படங்கள், 11 வருடங்கள் அப்படிச் சேர்ந்த கடனை ஒரே நாளில் திருப்பித் தந்ததால்தான் அந்தச் சத்தம். எதிர்பார்ப்பே இல்லாதவனுக்கு அங்கே தெரிவது ஓர் ஆள் ஒரு சுத்தியலைப் பிடிப்பது மட்டுமே.

டாம் க்ரூஸ் எதிர்பார்ப்பின் சுபாவம் வேறு. வருவார் அல்லது வரமாட்டார் என்பதைத் தவிர அதற்கு மூன்றாவது விடை கிடையாது. இப்படி ஒரு பட்டியலோடு போகிறவன் படத்தைச் சரிபார்க்கிறானே தவிரப் பார்ப்பதில்லை. ஆவலின் உயரம் படத்தைக் கெடுப்பதில்லை, ஆவல் இவ்வளவு குறுகிப்போவதுதான் கெடுக்கிறது என்பது என் முடிவு. ‘அயர்ன் மேன் 3’ இதற்கு நல்ல சாட்சி. பென் கிங்ஸ்லியைப் பயங்கரமான மாண்டரினாக ட்ரெய்லர் காட்டியது. படத்தில் அவர் கூலிக்கு நடிக்கும் ஒரு குடிகார நடிகர் என்று தெரியவரும். சினிமாஸ்கோரில் அது ‘ஏ’ வாங்கியது, பொதுவான கூட்டம் சிரித்து ரசித்தது. காமிக்ஸில் படித்த மாண்டரினுக்காகவே வந்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஒரே அரங்கம், ஒரே காட்சி, இரண்டு அனுபவம்.

இதற்கு எதிரான வலுவான சான்று 2021 டிசம்பரில் வந்த ‘ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்’. பழைய ஸ்பைடர்மேன்கள் இருவரும் வருவார்கள் என்று ரசிகர்கள் முன்பே முடிவுசெய்திருந்தார்கள். வந்தார்கள், கூட்டம் கொண்டாடியது. இதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மகிழ்ச்சியைக் காப்பாற்ற என்ன பாடுபட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அந்த இருவரில் ஒருவரான ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் மாதக்கணக்கில் பேட்டிக்குப் பேட்டி இல்லை என்றே சொன்னார். ட்ரெய்லர் காட்சியிலிருந்து இருவரையும் அழித்தார்கள். அதன் விளைவு ஐந்து மாதத்தில் தெரிந்தது. அவர்கள் மறுத்தது பொய்தானே, அப்படியானால் டாம் க்ரூஸைப் பற்றிய மௌனமும் பொய்தான் என்று எங்கள் வீட்டுப் பையன் உட்பட ஒரு தலைமுறையே முடிவுகட்டிவிட்டது.

முடிவை முன்பே போட்டு உடைக்கும் ஸ்பாய்லர் விஷயத்தில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சான் டியாகோவில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011இல், சிறுகதைகளின் முடிவை முன்பே அறிந்தவர்கள் கூடுதலாகவே ரசித்தார்கள் என்றார்கள். 2015இல் ஜான்சன், ரோசன்பாம் செய்த ஆய்வு நேர்மாறாக, முடிவு தெரிந்தால் ரசனை குறைகிறது என்றது. எண்ட்கேமுக்கு முன் முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று அதன் இயக்குநர்களான ரூஸோ சகோதரர்கள் கடிதமே எழுதினார்கள். அது சரியென்றே நினைக்கிறேன். சிறுகதையைத் தனியாகப் படிக்கிறோம், அந்த அரங்கத்தின் மூச்சு ஆயிரம் பேரின் மூச்சு.

ரசிகர்களின் எதிர்பார்ப்பு குருட்டு நம்பிக்கையாக மாறும்போது அசிங்கமும் நடக்கிறது. 2012இல் ‘த டார்க் நைட் ரைசஸ்’ வெளிவரும் முன்பே, அதைக் குறை சொன்ன விமர்சகர்களுக்கு மிரட்டல்கள் குவிய, விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் அந்தப் படத்துக்கான பின்னூட்டங்களை நிறுத்திவைத்தது. மிரட்டியவர்கள் படத்தைப் பார்த்திருக்கவே இல்லை. 2019இல் ‘கேப்டன் மார்வெல்’ வருவதற்கு முன், வெறுப்பாளர்களின் வாக்குகள் குவிந்த, பார்க்க விருப்பமா என்று அளக்கும் புள்ளியையே அதே தளம் எடுத்துவிட்டது. பார்க்காத படத்தை வெறுப்பதும் எதிர்பார்ப்பின் ஒரு வகைதான்.

தமிழில் இதே கதை குரலில் நடந்தது. எண்ட்கேமின் தமிழ் வடிவத்துக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுத, அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். பழைய குரலே வேண்டும் என்று ரசிகர்கள் குரல் எழுப்பினார்கள். குறை அவருடையது என்று நான் நினைக்கவில்லை. முந்தைய படங்களில் பழகிய குரலைக் காது தேடியது, அவ்வளவுதான். 2012இல் மிஷ்கினின் ‘முகமூடி’ தமிழின் முதல் சூப்பர்ஹீரோ படம் என்ற பட்டத்தோடு வந்தது. அந்தப் பட்டம் பேட்மேனை எதிர்பார்க்க வைத்தது, திரையில் வந்தவன் குங்ஃபூ கற்றவன். 2025 ஓணத்துக்கு மலையாளத்தில் வந்த ‘லோகா’வுக்கு அப்படி ஒரு பாரம் இல்லை. நீலி என்ற பழைய யட்சிக் கதையை எடுத்துக்கொண்டு, தன் உலகத்தை ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டியது. மக்கள் அதை வாய்மொழியாகவே பரப்பினார்கள்.

2023இல் கீட்டன் மறுபடி பேட்மேனாக வந்தார். 50,000 கடிதங்கள் வேண்டாம் என்று சொன்ன அதே முகம், ‘த ஃப்ளாஷ்’ படத்தின் ட்ரெய்லரில் முக்கியக் கவர்ச்சி ஆனது. மிகச் சிறந்த சூப்பர்ஹீரோ படங்களில் ஒன்று என்று, டிசி ஸ்டூடியோஸின் தலைமையில் இருந்த ஜேம்ஸ் கன்னே பாராட்டினார். அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 5.5 கோடி டாலர்தான் கிடைத்தது. யாரும் கேட்காதபோது கிடைத்த கீட்டன் பரிசாக இருந்தார். ‘நான்தான் பேட்மேன்’ என்று எந்த இடத்தில் சொல்வார் என்றுகூட ட்ரெய்லர் காட்டிவிட்ட பிறகு, அவர் பட்டியலில் ஒரு வரியாக ஆகிவிட்டார்.

போன கோடை விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு, மடிக்கணினியில் அந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தை ஓடவிட்டிருந்தான். அழிந்த பிரபஞ்சம் ஒன்றில் இரண்டு ஸ்ட்ரேஞ்ச்கள் மோதும் காட்சி. தாளில் எழுதியிருந்த இசைக்குறிகள் எழுந்து வந்து ஆயுதங்களாகப் பறக்கின்றன. ஒவ்வொரு குறியும் மோதும்போது அதன் ஸ்வரம் ஒலிக்கிறது. சண்டையே ஒரு கச்சேரி. டேனி எல்ஃப்மேனின் இசை, 1989 பேட்மேனுக்கு இசையமைத்த அதே மனிதர்.

“மாமா, இது தியேட்டர்ல பாத்தப்ப இருந்துச்சா?” என்றான்.

“இருந்துச்சுடா. நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு ஹெட்போனைக் கழற்றி ஒரு பக்கத்தை என் காதில் வைத்துவிட்டு, காட்சியைப் பின்னால் இழுத்து மறுபடி ஓடவிட்டான்.